இஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டவர்

என் மாமாவுக்கு மீன் பேசினால் கேட்கும், மனுஷர் பேசினால் கேட்காது என்று அம்மா சொல்லுவாள். இதில் முதல் பாதி கேலி இல்லை. கத்தாளை மீன் கூட்டமாக வரும்போது தண்ணீருக்குள்ளிருந்து தவளை கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். மாமா இஞ்சினை நிறுத்திவிட்டு, போட்டுக்குள் குப்புறப் படுத்து, அடியில் காதை வைத்துக் கேட்டுக் கூட்டம் எந்தப் பக்கம் போகிறதென்று சொல்லிவிடுவார். பட்டினப்பாக்கம் கரையில் அந்தக் காதுக்கு நல்ல பெயர் இருந்தது. இரண்டாவது பாதியும் ஊரறிந்ததுதான். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல அம்மா ஒருத்திக்குத்தான் துணிச்சல் உண்டு.

மாமா அம்மாவுக்கு அண்ணன். அப்பா காசிமேட்டில் பெரிய விசைப்படகில் வேலை பார்த்தார். கிளம்பிப் போனால் வாரக்கணக்கில் தலையைக் காட்டமாட்டார். அம்மா மந்தைவெளியில் ஒரு தெருமுனையில் மீன் விற்றுவிட்டு மதியத்துக்கு மேல்தான் வருவாள். ஆகவே ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்த மாமாதான் எங்களுக்குக் காவல், போலீஸ், கோர்ட்டு எல்லாம். அது கொஞ்சம் அவசரமான கோர்ட்டு. வாதி வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்.

அந்தக் கோர்ட்டில் நான் தண்டனை வாங்கியது ஐந்தாம் வகுப்பில். யாரோ ஒரு வாடிக்கை வீட்டு விசேஷத்துக்கென்று அம்மா வாக்குக் கொடுத்திருந்த பெரிய வஞ்சிரம் ஒன்று வராந்தாவில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே தலை இருக்கிறது, வால் இருக்கிறது, நடுவில் இருக்க வேண்டியது மாடிப் பூனைகளின் வயிற்றில் இருக்கிறது. நான் அப்போதுதான் புத்தகப்பையோடு படியேறி வந்தேன். "மாமா, நான்..." என்று ஆரம்பித்தேன். பளாரென்று ஒன்று விழுந்தது.

"எத்தினி தபா சொல்லிகீறேன், பொட்டியாண்ட வெளையாடாதன்னு!"

மாடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அடி வலித்ததைவிட, பக்கத்து வீட்டுப் பையன்கள் பல்லைக் காட்டியதுதான் வலித்தது.

மறுநாள் மாமாவின் பெண்டாட்டி, எங்கள் அத்தை, உண்மையைப் போட்டு உடைத்தாள். முட்டி வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கப் பெட்டியைத் திறந்து ஐஸ் எடுத்தவர் மாமாவேதான். மூடியைப் போட மறந்தவரும் அவரேதான். அம்மா அப்போது சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏண்ணா, கத்தாளைக்கு இஞ்சின ஆஃப் பண்றியே, கொயந்தைக்கு ஆஃப் பண்ணமாட்டியா?"

மாமா எழுந்து போனார். அடுத்த நாள் மதியம் ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜியோடு வந்தார். டிவியை நிறுத்தினார். அது போதாதென்று ஃபேனையும் நிறுத்தினார். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அன்னிக்கி இன்னாவோ சொல்ல வந்தியே, அத்த இப்ப சொல்லு" என்றார்.

"நான் டியூசன்ல இருந்தேன் மாமா."

அவர் காத்திருந்தார். பிறகு, "அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

மாமாவுக்குக் கண் கலங்கியது. பஜ்ஜி காரம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. சண்டை என்று யார் வந்தாலும் மாமா முதலில் 'இஞ்சின் ஆஃப்' என்பார். டிவி, ரேடியோ, ஃபேன், எதிராளியின் வாய் எல்லாம் நிற்க வேண்டும். ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர். சட்டம் போட்டவருக்கே அதைக் கடைப்பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. நாலு வார்த்தை கேட்டதுமே அவருக்கு உதடு துடிக்கும், கை பரபரக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கிழிந்த வலையைப் பொத்தும் பிளாஸ்டிக் ஊசியைப் பற்களுக்கு நடுவில் கடித்துக்கொள்வார். ஊசி வாயில் இருக்கும்வரை குறுக்கே பேச முடியாது. மாமியார் மருமகள் வழக்கு ஒன்றில் அவர் ஊசியைக் கடித்த கடியில் அது இரண்டாக உடைந்தே போனது. ஆனாலும் பேசவில்லை. சில மாதங்களில் அடுத்த பிளாக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தீர்ப்பு பிடிக்கிறதோ இல்லையோ, நம்மைச் சொல்லவிட்டாரே என்ற திருப்தியோடு போனார்கள்.

அதில் அதிக லாபம் அடைந்தவள் நான். கரையேறிச் சாப்பிட்டுவிட்டு மாமா வலையோடு வராந்தாவில் உட்காருவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டு "சொல்லு" என்பார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி கொட்டுவேன். கணக்கு டீச்சர் கரும்பலகையில் தப்பாகப் போட்டது, பக்கத்துப் பெஞ்சுக்காரி என் ரப்பரைக் கடித்தது, எல்லாவற்றையும் ஊசியைக் கடித்துக்கொண்டு கேட்பார். சிரிக்க வேண்டிய இடத்தில் ஊசி கீழே விழும். இந்த உலகத்தில் என் பேச்சைக் கேட்பதற்கென்று ஒரு பெரிய மனுஷர் இஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்ற கர்வம் எனக்கு ஏறிப்போயிருந்தது.

அந்தக் கர்வத்தில்தான் ஜிபிஎஸ்ஸைத் தொட்டேன்.

ஜிபிஎஸ் என்பது செல்போனைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு கருவி. கடலுக்கடியில் பாறை மேடு தட்டியிருக்கும் இடங்களுக்குப் பாரு என்று பெயர். மீன் தங்குவது அங்கேதான். ஒரு பாரைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் பாயிண்ட்டாகப் போட்டு வைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை அந்தப் பாயிண்ட்டைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் நிற்கலாம். பல வருஷம் அலைந்து சேர்ப்பது அது. சொந்த அண்ணன் தம்பிக்குக்கூடக் காட்டமாட்டார்கள். மாமாவின் பாயிண்ட்டுகள் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவருடன் போட்டில் போகும் என் சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி. இன்னொருத்தி நான். கருவியில் ஆங்கில எழுத்துதான் வரும். மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது ஆகாது. ஆகவே பெயர்களை அடித்துக் கொடுக்கும் பொறுப்பு இங்கிலீஷ் மீடியத்துக்காரியான என்னுடையது. கிழவன் பாரு, ரெட்டைக்கல் பாரு, அத்தை திட்டின பாரு. கடைசியாகச் சொன்னது, அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு கோபத்தில் திசை மாறிப் போன அன்று அகப்பட்டது.

"அடுத்து கெடைக்கிற பாருக்கு ஒன் பேருதான்" என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். மாதங்கள் போயின, புதுப் பாரு எதுவும் கிடைக்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஒரு சாயங்காலம் சித்தப்பா வந்து ஜிபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டார். விளக்கு எரிகிறதா என்று இரண்டு பட்டனை அமுக்கிப் பார்த்தார். கருவியை மாமா வீட்டு ஆணியில் மாட்டினார். போகும்போது என் சடையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனார். சித்தப்பாவுக்குக் கிண்டலையும் கடலையும் தவிர வேறொன்றும் தெரியாது. கரையில் இரண்டு நாள் தங்கினால் ஜுரம் வந்தவர்போல ஆகிவிடுவார். அத்தை தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தாள். நான் கருவியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன்.

நான் நின்ற இடத்தையே ஒரு பாயிண்ட்டாகப் போட்டு என் பெயரை அடித்தேன். அவசரத்தில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. தப்பானதை அழித்துவிட்டு நன்றாக அடிக்கலாமென்று தேடினேன். கருவி ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. பாதி படித்துவிட்டு, ஆமாம் என்று அமுக்கினேன். மறுபடி பாயிண்ட் போட்டு, இந்த முறை எழுத்தெண்ணிப் பெயரை அடித்தேன். கிழவனுக்கும் ரெட்டைக்கல்லுக்கும் நடுவில் என் பெயர் எவ்வளவு ஜோராக இருக்கிறது என்று பார்க்கப் பட்டியலைத் திறந்தேன்.

பட்டியலில் என் பெயர் மட்டும் இருந்தது.

மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். வேறு ஒன்றும் இல்லை. இன்னொரு பட்டனைத் தொட்டால் இன்னும் எது அழியுமோ என்ற பயத்தில் என் பெயரைக்கூட அழிக்காமல், அதே பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

மறுநாள் அவர்கள் வெறும் பெட்டியோடு கரையேறினார்கள். பாயிண்ட் எல்லாம் போய் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்ததாம். அது கரைப்பக்கம் காட்டியதால், திரும்பி வருவதற்காகப் போட்டு வைத்த கரைப் பாயிண்ட் என்று இருவருமே நினைத்துக்கொண்டார்கள். செய்தி கரை முழுக்கப் பரவியது. சித்தப்பா அந்த மாதம் வேறொரு போட்டுக்காரரோடு இரண்டு மூன்று தடவை டீ குடித்திருந்தார். டீ குடித்ததற்கு அன்றைக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. பாயிண்ட்டை அங்கே கொடுத்துவிட்டு இங்கே அழித்துவிட்டான் என்றார்கள்.

மாமா அப்படிச் சொல்லவில்லை. மதியம் சித்தப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டார். அம்மாவும் அத்தையும் இருந்தார்கள். டிவி நின்றது, ஃபேன் நின்றது. மாமா ஊசியைக் கடித்துக்கொண்டு சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"பேட்டரி போட்டேன் மச்சான். லைட்டு எரியுதான்னு ரெண்டு பட்டன் அமுக்கனேன். ஆணியில மாட்டிட்டு வூட்டுக்குப் போய்ட்டேன். கடலம்மா மேல சத்தியமா அவ்ளோதான்."

மாமா ஊசியை எடுத்தார். "பாப்பா, நீ தொட்டியா?"

"இல்ல மாமா."

மறுபடி ஊசியைக் கடித்துக்கொண்டார். காத்திருந்தார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொய் சொன்னேன், அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது. அடிக்குப் பயந்து சொன்ன பொய்யாக இருந்தால் ஒரு சமாதானமாவது இருந்திருக்கும். எனக்கிருந்த பயமெல்லாம், நாளைக்கு ரேடியோவை நிறுத்திவிட்டு "சொல்லு" என்று என்னைக் கேட்கமாட்டாரே என்பதுதான். அவர் காத்திருக்கக் காத்திருக்க அந்த அமைதியைச் சகிக்க முடியாமல், எதையாவது போட்டு அதை அடைத்தேன்.

"சித்தப்பா பட்டன அமுக்கிக்கினு இருந்தாரு. நான் பாத்தேன்."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். பேசியது நான்தானா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி பார்த்தார்.

"மச்சான், பாப்பாவ இன்னொரு தபா கேளு."

"ஒரு தபா நம்பாம அடிச்சிட்டேன்டா" என்றார் மாமா. "நா யாரையும் சொல்லல. யாரு பண்ணாங்கன்னு எனுக்குத் தெரியாது."

"சொல்லல, சர்தான். ஆனா என்ன நம்பலியே."

மாமா ஊசியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் கரைக்கு வரவில்லை. வேறு போட்டிலும் ஏறவில்லை. ஏறினால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும் அல்லவா. அப்பா காசிமேட்டிலிருந்து வந்து மாமாவோடு சத்தம் போட்டார். இரண்டு பேரும் வருஷக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் சித்தப்பா பெருங்குடியில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தார். மாசம் பிறந்தால் கைக்கு வரும் வேலை என்று சித்தி சந்தோஷப்பட்டாள். நீலச் சட்டையும் தொப்பியுமாக அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பள்ளிக்கூடம் போகும்போது பார்ப்பேன். ரோட்டின் அந்தப் பக்கம் மாறிவிடுவேன்.

மாமா ஆரம்பத்திலிருந்து பாரு தேட ஆரம்பித்தார். புதிதாகக் கிடைத்தவற்றுக்குப் பெயர் அடித்துக் கொடுக்கச் சொல்லி ஜிபிஎஸ்ஸை என்னிடம் நீட்டினார். பரீட்சை இருக்கிறது என்றேன். அடுத்த முறை கை வலி என்றேன். அதற்குப்பிறகு அவர் கேட்கவில்லை. கருவியோடு மந்தைவெளிப் பக்கம் போனதை ஒருநாள் பார்த்தேன். சர்வீஸுக்கு எடுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கும் பெருங்குடியில்தான் வேலை, ஆனால் வாசலில் இல்லை, ஆறாவது மாடியில். சித்தப்பா நிற்கும் கட்டடம் எங்கள் கட்டடத்துக்கு நாலு தள்ளி இருக்கிறது. போன வருஷம் ஒரு மதியம் டீக்கடையில் அகப்பட்டுக்கொண்டேன். "இன்னா மேடம், கண்டுக்காம போறீங்க" என்று சல்யூட் அடித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது, கிண்டல் மட்டும் நரைக்கவில்லை. எதை எதையோ பேசினோம். கடலுக்குப் போக ஆசையாக இல்லையா என்று ஏனோ கேட்டுவிட்டேன். ஓஎம்ஆர் சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்தார்.

"ஆசதான். மொதோ ரெண்டு வருசம் தூக்கத்துல எந்திரிச்சி போட்டக் கடல்ல தள்ளுவேன்னு ஒங்க சித்தி சொல்லும்" என்றார். பிறகு சிரித்தார். "தோ பாரு பாப்பா, ஒன் பேரப் புடிச்சிக்கினுதான் ஒங்க மாமன் மூணு மாசம் கரைக்கு வந்தாரு, தெரியுமா?"

என் பெயரா என்று கேட்டேன்.

நான் பெயர் அடித்துத் தர மறுத்ததால் மாமா மந்தைவெளியில் ஒரு செல்போன் கடைப் பையனிடம் போயிருக்கிறார். பையன் பட்டியலைப் பார்த்துவிட்டு, கரைப் பாயிண்ட்டுக்குப் பெண் பெயர் வைத்திருக்கிறீர்களே, மகளா என்று படித்துக் காட்டியிருக்கிறான். மாமா அங்கிருந்து நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய், வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். திரும்பப் போட்டுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். சித்தப்பா போகவில்லை. சித்தி விடவில்லை. தவிர, ஒரு தடவை சந்தேகப்பட்டவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடுக்கடலில் நிற்க மனசு வரவில்லை என்றார்.

"ஏன் சித்தப்பா என்னக் கேக்கல? ரெண்டு பேருமே கேக்கலியே."

"நா கேக்கலாம்னுதான் சொன்னேன். ஒங்க மாமன்தான் வாணாம்ன்ட்டாரு. நாம கேட்டா பயந்துகினு ஆமான்னுடும்டா, அதுவா வந்து சொல்லட்டும், நா ஒக்காந்து கேக்கறேன்னாரு." டம்ளரைக் காட்டினார். "ஆறுது பாரு, குடி."

மன்னித்துவிடு சித்தப்பா என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்காதவர்போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். டீ நேரம் முடிந்துவிட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொல்லிவிடுவதென்று போனேன். மாமாவுக்கு இப்போது காது போய்விட்டது. வருஷக்கணக்கில் அந்த இஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததன் பலன். வாங்கிக் கொடுத்த காது மெஷின் சட்டைப் பையில் தூங்குகிறது, மாட்டினால் இரைச்சல் என்கிறார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "சொல்லு" என்றார். சொல்வதென்றால் மூன்று மாடிக்கும் கேட்கக் கத்த வேண்டும். பொய்யை மெல்லிய குரலில் சொல்லியிருந்தேன். "நல்லாகீறியா மாமா?" என்று கத்தினேன். நல்லா கீறேன் என்று தலையாட்டினார். கேட்க நல்ல காது இருந்த காலத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

அவர் கருவியோடு மந்தைவெளிக்குப் போய்வந்த அன்றைய சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கத்தைவிட நேரம் கழித்துத்தான் வந்தார். கையில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம். டிவியை நிறுத்தினார், ஃபேனை நிறுத்தினார், வலையை ஓரமாகத் தள்ளிவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஊசியைக் கடித்துக்கொள்ளவில்லை. "சொல்லு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கைவசம் ஒரு பிரமாதமான கதை இருந்தது. பிரேயரில் தமிழ் ஐயா தும்மிய தும்மலில் அவருடைய பல்செட்டு தெறித்து ஹெட்மிஸ்ட்ரஸ் காலடியில் விழுந்த கதை. ஐயா மாதிரி தும்மிக் காட்டினேன், ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி குதித்துக் காட்டினேன். மாமா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் முழுவதும் கேட்டார். முடிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான் மாமா."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஃபேனைப் போட்டார். அவ்வளவு நல்ல கதைக்கு மாமா ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே பஜ்ஜி முழுவதையும் நானே தின்று தீர்த்தேன். தும்மலை இன்னும் கொஞ்சம் பலமாகத் தும்மியிருக்க வேண்டும் என்று தோன்றியது.